தெள்ளுக்குள் கிருமி தேடுவது: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை, ஆடு, கோழி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியைப் பொறுக்கி வந்து, அதற்குள் மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் எந்தத் தெருவில் போய் நின்றாலும் நாலு பேர் கூடிவிடுவார்கள். "ஊசி போட வந்திருக்கீங்களா, கணக்கெடுக்க வந்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்து, "அப்ப நாயைத் தொடவே கூடாதா தம்பி?" என்பதில் வந்து நிற்கும். வாசலில் நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதிக்காக இந்தப் பக்கம்.

தெள்ளு, உண்ணி, பேன் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் எல்லாவற்றையும் 'பூச்சி விழுந்திருச்சு' என்று முடித்துவிடுகிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால், அது சிலந்திக்குப் பங்காளி. தோலில் வாயைப் புதைத்துக்கொண்டு, ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, இருந்த இடத்திலேயே கிடக்கும். பேன் மயிரைப் பற்றிக்கொண்டிருக்கும், குதிக்காது. தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது, கரும்பழுப்பு நிறம், நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பக்கவாட்டில் தட்டையான உடம்பு என்பதால் ரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். பிடிக்கப் போனால் தாவிவிடும்.

பூச்சியே கண்ணில் படவில்லை, ஆனால் நாய் விடாமல் சொறிகிறது என்றால் ஒரு சோதனை உண்டு. வால் அடியில் சீப்பை இழுத்தால் மிளகைப் பொடித்த மாதிரி கறுப்புத் துகள் வரும். அதை ஈரமான வெள்ளைப் பஞ்சில் தட்டி ஒரு நிமிடம் விடுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்தும் செரிக்காத ரத்தம். இந்த எச்சம் கீழே இன்னும் பல இடங்களில் வரப்போகிறது, நினைவில் வையுங்கள்.

நாய்த் தெள்ளு நாயில்தான் இருக்குமா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பூனைத் தெள்ளு என்று பெயர் பெற்ற டெனோசெஃபாலிடஸ் ஃபெலிஸ் உலகம் முழுக்க நாய்களிலும் தாராளமாக இருக்கிறது. அதற்கு நெருங்கிய உறவான டெனோசெஃபாலிடஸ் ஓரியன்டிஸ் நம் நாட்டில் நாய்களிலும் ஆடுகளிலும் கிடைக்கும். பார்வைக்கு இது நாய்த் தெள்ளு போலவே இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். கோழியில் ஒட்டுவது வேறொன்று. எலியில் வாழ்வது செனோப்சில்லா என்ற வகை. எலி பிடிக்கிற பூனைக்கும், எலி வளை உள்ள தொழுவத்தில் படுக்கிற நாய்க்கும் எலித் தெள்ளு தொற்றிக்கொள்வது உண்டு. வீட்டு விலங்கில் எடுத்த தெள்ளில் எலியின் கிருமி கிடைத்தால் நாங்கள் முதலில் யோசிப்பது இதைத்தான்.

தெள்ளுக்குள் எந்தெந்தக் கிருமியைத் தேடுகிறீர்கள்?

முக்கியமாக மூன்று குடும்பம்.

முதலாவது ரிக்கெட்சியா. இது உயிரணுவுக்குள்ளே மட்டும் வாழக்கூடிய பாக்டீரியா. ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயரால் வழங்குகிறது. அவர் டைஃபஸ் காய்ச்சலை (டைஃபாய்டு அல்ல, இது வேறு) ஆராயப் போன இடத்தில் அதே காய்ச்சல் தொற்றி 1910இல் மெக்சிகோவில் இறந்துபோனார். இந்தக் குடும்பத்தில் ரிக்கெட்சியா டைஃபி எலித் தெள்ளு வழியாக வரும் மியூரைன் டைஃபஸ் என்ற காய்ச்சலுக்குக் காரணம். ரிக்கெட்சியா ஃபெலிஸ் பூனைத் தெள்ளோடு சேர்ந்து வாழ்வது. 1990இல் அமெரிக்காவில் பூனைத் தெள்ளுக்குள் பார்த்தார்கள், 1994இல் மனிதரில் நோயாக முதலில் அறிவித்தார்கள். இந்தியத் தெள்ளுகளிலும் இது கிடைத்திருக்கிறது. இதன் வினோதம் என்னவென்றால், தாய்த் தெள்ளின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடும். அதாவது நாயோ பூனையோ இந்தக் கிருமியைச் சுமக்காவிட்டாலும் தெள்ளு வம்சமே சுமந்துகொண்டிருக்கும். மனிதருக்கு இது எந்த அளவு நோய் தருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. இதே சாயலில் ரிக்கெட்சியா அசெம்போனென்சிஸ் என்று இன்னொன்று, கென்யாவில் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சுமப்பது. தெள்ளில் அடிக்கடி தென்படும், மனிதருக்கு நோய் தருவதாக நிலைநாட்டப்படவில்லை. இரண்டையும் பிரித்தறிவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

இரண்டாவது பார்டோனெல்லா. இதில் பார்டோனெல்லா ஹென்சிலே பூனைக்கீறல் நோயைத் தருவது. பூனையின் ரத்தத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட இருக்கும். பூனை பாட்டுக்குப் பால் குடித்துக்கொண்டு, வெயிலில் படுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது யெர்சினியா பெஸ்டிஸ், பிளேக் கிருமி. இதைக் கேட்டதும் எல்லாரும் ஒரு அடி பின்னால் போவார்கள். அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

மதுரைப் பக்கம் பிளேக் இருந்ததா?

இருந்தது. இன்று தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கு அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. அங்கே பிளேக் திரும்பத் திரும்ப வந்ததால் தனியாக ஒரு விசாரணையே நடந்து, அதன் அறிக்கை 1934இல் வெளியானது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து பயம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

பிளேக்கைத் தெள்ளுதான் பரப்புகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் இந்தத் துணைக்கண்டத்தில்தான். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக் வந்த எலியை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார். அதே ஜாடிக்குள் நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூட்டில் வைத்துத் தொங்கவிட்டார். எலியும் எலியும் தொட முடியாது, தெள்ளு மட்டும் தாவ முடியும். நோய் எலி செத்தது, அதன் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுகள் இடம் மாறின, சில நாளில் நல்ல எலியும் செத்தது. அப்போது பல பேர் இதை நம்பவில்லை, பல வருடம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லா எலித் தெள்ளும் பிளேக்கைப் பரப்புவதில் ஒரே மாதிரி கெட்டிக்காரர்கள் அல்ல என்பது பிறகு தெரிந்தது. கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் என்ற மருத்துவர், சென்னையிலும் கொழும்பிலும் அதிகமாக இருந்தது செனோப்சில்லா ஆஸ்டியா என்ற வேறு இனம், அது பிளேக்கைக் கடத்துவதில் மந்தமானது என்று எடுத்துச் சொன்னார். பம்பாயை உலுக்கிய பிளேக் சென்னையை அவ்வளவாக உலுக்காததற்கு இது ஒரு காரணம். தெள்ளைப் பிடித்தவுடன் 'என்ன இனம்' என்று நுணுக்கமாகப் பார்ப்பது வெட்டி வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு வீட்டு நாயின் தெள்ளில் பிளேக் இருக்குமோ என்று யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சேரும் எல்லைப் பகுதியில் காட்டெலிகளிடையே பிளேக் இருந்த வரலாறு உள்ளதால் நாட்டில் கண்காணிப்பு நிற்கவில்லை. நாங்களும் பட்டியலிலிருந்து அதை நீக்குவதில்லை.

தெள்ளு கடித்தால் உடனே நோய் வந்துவிடுமா?

கடித்த இடம் தடித்து அரிக்கும், அதுதான் பெரும்பாலும் நடப்பது. கிருமி உள்ளே போகும் வழி வேறு. மியூரைன் டைஃபஸ், பூனைக்கீறல் நோய் இரண்டிலும் கிருமி தெள்ளின் எச்சத்தில் வெளியே வருகிறது. கடித்த இடத்தை நாம் பரபரவென்று சொறியும்போது அந்த எச்சம் கீறலுக்குள் போய்விடுகிறது. பூனையும் அப்படித்தான், தன்னைச் சொறிந்த நகத்தில் எச்சத்தை வைத்துக்கொண்டு நம்மைக் கீறும். பிளேக்கில் மட்டும் கதை வேறு. தெள்ளின் இரைப்பை வாயில் கிருமி கட்டியாகி அடைத்துவிடும். குடித்த ரத்தம் உள்ளே போகாமல் திரும்பக் கடிவாய்க்கே வரும், கிருமியோடு சேர்ந்து.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிடித்த தெள்ளை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து 'டிக்' என்று நசுக்குகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. அந்தச் சத்தத்தில் ஒரு திருப்தி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நகக்கண்ணில் ஒட்டுகிறது. சோப்புத் தண்ணீரில் போடுங்கள், மூழ்கிச் சாகும். சோப்பு இல்லாத தண்ணீரில் மிதந்து, ஏறி, தப்பித்துவிடும்.

மனிதர் ரத்தத்தைப் பரிசோதிக்காமல் தெள்ளை ஏன் நோண்டுகிறீர்கள்?

இரண்டும் வேண்டும். ஆனால் காய்ச்சல் வந்த பிறகு ரத்தம் எடுப்பது, திருடன் போன பிறகு கதவைப் பார்ப்பது மாதிரி. தெள்ளில் பார்த்தால் அந்த ஊரில் எந்தக் கிருமி சுற்றுகிறது என்பது ஆளுக்கு வருவதற்கு முன்பே தெரியும். அது தெரிந்தால் அந்த வட்டார மருத்துவர்கள் காரணம் தெரியாத காய்ச்சலில் எதைச் சந்தேகிக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். அப்புறம், காய்ச்சல்காரரிடம் ஊசி குத்தி ரத்தம் வாங்குவதைவிட நாயைச் சீவுவது எல்லாருக்கும் சுலபம், நாயையும் சேர்த்து.

எப்படிப் பிடிக்கிறீர்கள்?

சீப்பு, வெள்ளைத் துண்டு, எத்தனால் ஊற்றிய சின்னக் குப்பி. இவ்வளவுதான் சாமான். வீட்டுக்காரர் சம்மதம் சொன்ன பிறகுதான் விலங்கின் மேல் கை வைப்போம். பல் நெருக்கமான சீப்புதான் வேண்டும். கடையில் நாய்க்கென்று விற்பதும் உண்டு, ஆனால் பாட்டிமார் வைத்திருக்கும் பேன் சீப்புக்கு ஈடு இல்லை.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செவலை நாட்டு நாய். அந்த வீட்டு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் அமுக்கிக்கொண்டார். நாயின் அடியில் வெள்ளைத் துண்டை விரித்தோம். கழுத்திலிருந்து வாலை நோக்கி, ரோமம் படுத்திருக்கும் திசையிலேயே சீவ வேண்டும். முதுகில் ஒன்றுமில்லை. வால் அடிக்கு வந்ததும் சீப்பின் பல்லுக்குள் ஒரே இழுப்பில் மூன்று தெள்ளு, நடுவில் பொடிப் பொடியாக எச்சம். சீப்பை அப்படியே குப்பியின் வாயில் தட்டினேன். இரண்டு விழுந்தது, மூன்றாவது அப்பத்தாவின் சேலைக்குத் தாவியது. "உங்களுக்குக் கணக்கு மூணு, எனக்குக் கணக்கு ஒண்ணு" என்று சிரித்துவிட்டு, அதைத் தேட எழுந்து போய்விட்டார். நாயும் பின்னாலேயே போய்விட்டது. அன்றைக்கு அந்த நாயில் எங்கள் வேலை அதோடு சரி.

தரையில் திரியும் தெள்ளுக்கு வேறு வழி. ராத்திரி தொழுவத்தில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே சின்னதாக ஒரு பல்பைத் தொங்கவிடுவோம். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாவி வந்து தண்ணீரில் விழும்.

குப்பிக்குக் குப்பி சீட்டு உண்டு: எந்த ஊர், எந்த விலங்கு, என்ன தேதி. ஒரு விலங்கின் தெள்ளை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் பின்னால் எவ்வளவு பெரிய மெஷின் வைத்திருந்தாலும் பயனில்லை.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

முதலில் நுண்ணோக்கியின் கீழ் இனம் பார்க்கிறோம். தெள்ளின் கன்னத்தில் கறுப்பு முள் வரிசை ஒன்று இருக்கும், மீசையைச் சீவிவிட்ட மாதிரி. பூனைத் தெள்ளில் தலை நீண்டு சரிந்திருக்கும், நாய்த் தெள்ளில் உருண்டையாக இருக்கும். எலித் தெள்ளுக்கு அந்த முள் வரிசையே கிடையாது. பின்னங்காலின் முள்ளையும் எண்ணிப் பார்ப்பது உண்டு. இதற்குப் பொறுமை வேண்டும், கழுத்து வலி இலவசம்.

அடுத்து, தெள்ளை எத்தனாலிலும் பிறகு சுத்தமான தண்ணீரிலும் அலசுவோம். மேலே ஒட்டியிருக்கும் தெருத் தூசியின் பாக்டீரியாவை உள்ளே இருந்ததாக எண்ணிவிடக் கூடாது அல்லவா. அப்புறம் நசுக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சேர்த்து, 56 டிகிரி சூட்டில் வைத்தால் உயிரணுக்கள் உடைந்து டிஎன்ஏ வெளியே வரும். அதில் தெள்ளின் டிஎன்ஏ, அது குடித்த நாய் ரத்தத்தின் டிஎன்ஏ, உள்ளிருந்த பாக்டீரியாக்களின் டிஎன்ஏ எல்லாம் கலந்து கிடக்கும்.

இந்தக் கலவையில் நமக்கு வேண்டியதைத் தேடுவதுதான் பிசிஆர். கொரோனா புண்ணியத்தில் இந்தப் பெயர் தெரியாத வீடே இல்லை. அங்கே மூக்கில் குச்சி விட்டு வைரஸைத் தேடினார்கள், இங்கே தெள்ளின் சாற்றில் பாக்டீரியாவைத் தேடுகிறோம். தேடும் கிருமிக்கே உரிய ஒரு மரபணுத் துண்டு இருந்தால் மட்டும் அது ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருகும். 30 சுற்று ஒழுங்காக ஓடினால் ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் ஒரு தெள்ளுக்குள் கொஞ்சமாக இருக்கும் கிருமியைக் கூடப் பார்க்க முடிகிறது. இந்தப் பெருக்கத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது: பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் அதுவும் 107 கோடி ஆகும். எனவே ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் போட்ட குழாய் ஒன்றையும், கிருமியின் டிஎன்ஏ இருப்பது உறுதியான குழாய் ஒன்றையும் சேர்த்தே ஓட்டுவோம். பெருகிய டிஎன்ஏ ஜெல் பலகையில் ஒரு கோடாகத் தெரியும். தண்ணீர்க் குழாயில் கோடு விழுந்தால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு. எனக்கு அப்படி ஒரு வாரம் முழுக்கப் போனதுண்டு. கடைசியில், துளியை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் முனைதான் வில்லன்.

எந்த மரபணுவைத் தேடுவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ரிக்கெட்சியாவுக்கு ஜிஎல்டிஏ என்ற மரபணு பொதுவான வலை, குடும்பத்தில் யார் இருந்தாலும் மாட்டுவார்கள். ஓம்ப்-ஏ என்ற மரபணுவை மட்டும் நம்பினால் ரிக்கெட்சியா டைஃபி தப்பித்துவிடும், ஏனென்றால் அதனிடம் அது இல்லை. பார்டோனெல்லாவுக்கு இரண்டு ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள பகுதியைப் பார்ப்பார்கள். பிளேக் கிருமிக்குப் பிஎல்ஏ என்ற மரபணு.

ஜெல்லில் கோடு விழுந்ததும் வேலை முடியவில்லை. கோடு சொல்வது 'இந்தக் குடும்பத்தில் யாரோ வந்திருக்கிறார்கள்' என்பதை மட்டும். யார் என்று தெரிய அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்து, உலகத்துப் பொதுச் சேமிப்பில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். ஃபெலிஸா அசெம்போனென்சிஸா என்பது அங்கேதான் தீரும்.

ஒவ்வொரு தெள்ளையும் தனித்தனியாகவா பார்ப்பீர்கள்?

கட்டுப்படியாகாது. ஒரே விலங்கில் எடுத்த ஒரே இனத் தெள்ளுகளை ஐந்து, பத்து என்று ஒரு கூட்டாகச் சேர்ப்போம். உதாரணத்துக்கு 200 தெள்ளை ஐந்தைந்தாக 40 கூட்டாகப் பிரித்து, 6 கூட்டில் கோடு விழுந்தது என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு தெள்ளாவது கிருமியோடு இருந்திருக்க வேண்டும். ஆகவே 200க்கு 6, குறைந்தபட்ச விகிதம் 3 சதவீதம். இதையே '40க்கு 6, அதாவது 15 சதவீதத் தெள்ளில் கிருமி' என்று யாராவது சொன்னால் கணக்கு தப்பு.

என் நாயின் தெள்ளில் பாசிட்டிவ் என்றால் நாய்க்கு நோயா, எனக்கு நோயா?

இரண்டும் இல்லை. அந்தத் தெள்ளுக்குள் அந்தக் கிருமியின் டிஎன்ஏ இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். செத்த கிருமியின் டிஎன்ஏவும் கோடு போடும். தெள்ளு சற்று முன் குடித்த பூனை ரத்தத்தில் இருந்ததும் கோடு போடும். அது தெள்ளுக்குள் வளர்ந்ததா, எச்சத்தில் வெளியேறுமா, ஒரு மனிதருக்குள் போகுமா, போனாலும் காய்ச்சல் தருமா என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டிய வாசல்கள் இருக்கின்றன. பிசிஆர் முதல் வாசலில் நின்றுகொண்டு பேசுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஊரில் நாங்கள் தெள்ளு எடுத்துப் போனதையே யாரோ 'நாய்க்கெல்லாம் ஏதோ நோயாம்' என்று கிளப்பிவிட, அடுத்த முறை போனபோது இரண்டு வீட்டில் நாயே இல்லை. எங்கே என்றால், கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். முடிவு என்று ஒன்று அப்போது வரவே இல்லை. விட்ட நாயின் தெள்ளுக் குஞ்சுகள் வீட்டிலேதான் இருந்தன.

நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

எடுத்த தெள்ளில் இல்லை, அவ்வளவே.

தெள்ளில் இருக்கும் எல்லா பாக்டீரியாவும் கெட்டதா?

இல்லை. ஓல்பாக்கியா என்று ஒன்று எக்கச்சக்கமான தெள்ளுகளில் இருக்கும். அது தெள்ளோடு தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது, நம்மை ஒன்றும் செய்யாது. தெள்ளின் மொத்த பாக்டீரியாவையும் ஒரே நேரத்தில் படிக்கும் புது முறைகளில் மற்றதையெல்லாம் மறைத்துக்கொண்டு இதுவே முன்னால் வந்து நிற்கும்.

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வீட்டில் நாய், பூனை, ஆடு இருப்பதையும், தெள்ளுத் தொல்லையோ எலித் தொல்லையோ இருப்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மியூரைன் டைஃபஸ் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று எல்லாக் காய்ச்சலையும் போலத்தான் ஆரம்பிக்கும். கிருமி புகுந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். சிலருக்குத்தான் உடம்பில் தடிப்புப் புள்ளி தெரியும், மாநிறத் தோலில் அதுவும் கண்ணுக்கு எளிதில் படாது. டெங்குவா, டைஃபாய்டா என்று பார்த்து இரண்டும் இல்லையென்றால் 'ஏதோ வைரல்' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நம் பக்கம் நன்றாக அறிமுகமான ஸ்க்ரப் டைஃபஸ் வேறு. பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள், ஆனால் அதைப் பரப்புவது உண்ணியும் அல்ல, தெள்ளும் அல்ல. புதரில் இருக்கும் மிக நுண்ணிய சிலந்திப்பேனின் இளம்புழு. கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும். ஸ்க்ரப் டைஃபஸுக்கான ரத்தச் சோதனை நெகட்டிவ் என்பதால் மியூரைன் டைஃபஸ் இல்லையென்று ஆகாது. டைஃபஸுக்கான வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்தச் சோதனை மலிவு என்பதால் சில இடங்களில் இன்னும் செய்கிறார்கள். அது ஒரு கோடிகாட்டல், தீர்ப்பு அல்ல.

நல்ல செய்தி: இந்த இரண்டு டைஃபஸுக்கும் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து நன்றாகக் கேட்கும். பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஏதாவது ஆன்டிபயாட்டிக் குடுங்க' என்று வாங்கி விழுங்காமல், மருத்துவரிடம் போய்த் தெள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில் பெரிய லாபம் இருக்கிறது.

பூனை கீறிவிட்டது. பயப்பட வேண்டுமா?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கீறியது என்றாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று உடனே ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள், அதுதான் முதல் கவலை. பூனைக்கீறல் நோய் என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி வலிக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது.

தெள்ளை எப்படி ஒழிப்பது?

நாய் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தரை இடுக்கிலும், சாக்கிலும், சோபாவின் அடியிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 20, 30 என்று முட்டை போடும், அவை ரோமத்தில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, யாராவது நடந்து வரும் அதிர்வு பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் காலில் மொய்ப்பது இதனால்தான். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மூன்று வாரத்தில் பழைய கதை.

நாய் படுக்கும் சாக்கு, துணியை வெந்நீரில் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுங்கள். மதுரை வெயிலை நாம் திட்டாத நாளில்லை, ஆனால் நேரடி வெயிலில் தெள்ளின் புழு பிழைக்காது. அது பிழைப்பது நிழலும் ஈரமும் உள்ள மூலையில், அதனால்தான் ஐப்பசி மழைக்குப் பிறகு தொல்லை கூடுகிறது. விலங்குக்குப் போடும் மருந்தை மாட்டாஸ்பத்திரியில் எடை சொல்லி வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, பூனைக்கு அது விஷம். மண்ணெண்ணெய் தடவுவது, பரணில் கிடக்கும் பழைய கமாக்சின் பொடியைத் தூவுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்தப் பொடி 1997லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வேப்ப எண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஆட்டுக் கொட்டத்தில் கால் வைக்க முடியவில்லை. என்ன செய்வது?

கொட்டத்தில் தெள்ளு ஏறினால் முழங்கால் வரை கறுப்பாக ஏறும், பார்த்திருக்கிறேன். புழுக்கையும் தழையும் சேர்ந்து மெத்தையாகிவிட்ட தரைதான் அதற்குத் தொட்டில். அதை அடிவரை வாரி வெளியே போட்டு, தரையை இரண்டு மூன்று நாள் நன்றாக உலரவிட்டு, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து தெளிக்க வேண்டும். ஆடுகளை அன்றே வேறு இடத்தில் கட்டி, அவற்றுக்கும் மருந்து போட வேண்டும். இதில் பாக்டீரியாவைவிட உடனடி ஆபத்து ரத்தச்சோகை. குட்டியின் கண் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அந்தக் குட்டியை முதலில் கவனியுங்கள். தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்றால் 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு.

எங்கள் வீட்டுத் தெள்ளைப் பிடித்துத் தரலாமா?

தரலாம், ஆனால் எங்களைப் போன்றவர்கள் உங்கள் பகுதியில் சேகரிக்கும்போது. ஆளுக்கு ஆள் தனியாகச் சோதித்து ரிசல்ட் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு இது அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பாதி ஊற்றி அதில் போடுங்கள். டேப்பில் ஒட்டிக் கொண்டு வராதீர்கள், பிரித்தெடுப்பதற்குள் காலும் முள்ளும் போய்விடும், இனம் சொல்ல முடியாது. நாய்க்கு ஒரு குப்பி, பூனைக்கு ஒரு குப்பி. ஊர், விலங்கு, தேதியை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனாவால் எழுதினால் மை ஸ்பிரிட்டில் கரைந்து, கையில் வருவது நீலத் தண்ணீரும் ஊர் பேர் தெரியாத நாலு தெள்ளும்தான்.